றேடியோ ஏன் இரையுது? பற்றரி இல்லாத காலங்களின் சின்ன வரலாறு

எங்களில் ஒருத்தியின் வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு வால்வ் றேடியோ கன காலமாகத் தூசி பிடிச்சுக் கிடந்தது. அவளின் அப்பப்பா 1950களின் கடைசியில் வாங்கினது. பின்பக்க மட்டையில் 90 வோல்ட், 1.5 வோல்ட் எண்டு இரண்டு எண்கள் இருந்தன. சுவரில் கொழுவிற றேடியோ இல்லை இது, பற்றரியில் ஓடுறது. 90 வோல்ட் பற்றரியை இப்ப எந்தக் கடையில் போய்க் கேட்கிறது? அதனால் சுவர் மின்சாரத்தில் இருந்து அந்த இரண்டு வோல்ட்டையும் எடுத்துக் குடுக்கிற ஒரு பெட்டியை நாங்களே செய்வம் எண்டு வெளிக்கிட்டம். கலைப்பீடத்துப் பிள்ளையள் நாலு பேர். ஓ/எல் விஞ்ஞானப் புத்தகமும் ஒரு ஈயப்பற்றுக் கோலும்தான் எங்கட மூலதனம்.

றேடியோ வேலை செய்தது. ஆனால் அறிவிப்பாளரின் குரலுக்கு முன்னால் ‘உம்ம்ம்…’ எண்டு ஒரு இரைச்சல் சுவர் மாதிரி நிண்டது. நிலையத்தை மாத்தினாலும் அது மாறேல்ல. சத்தத்தைக் குறைச்சாலும் போகேல்ல. நாங்கள் முழிச்சுக்கொண்டு இருக்க, குசினிக்குள்ள இருந்து அவளின் அம்மா வந்து ஒரு நிமிசம் கேட்டா.

“இது டைனமோவில கேக்கிற மாதிரியெல்லோ இரையுது. கொண்டென்சர் காணாது பிள்ளையள்.”

அம்மா படிச்சது வரலாறும் தமிழும். வாழ்க்கையில் ஒரு நாளும் ஈயப்பற்றுக் கோலைத் தொட்டதில்லை. ஆனால் அவ சொன்னது சரி. அந்த இரைச்சலை எப்படிக் குறைச்சம் எண்டதையும், அம்மாவுக்கு அது எப்படித் தெரிஞ்சது எண்டதையும் தேடினதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

இரைச்சல் எண்டால் என்ன?

இலங்கையில் சுவருக்கு வருகிற மின்சாரம் 230 வோல்ட் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுது. றேடியோ வால்வுக்குத் தேவை ஒரே திசையில் ஒரே அளவாக ஓடுகிற நேரோட்டம். இடையில் ஒரு இருவாயியைப் போட்டால் திரும்பி வருகிற பாதி வெட்டுப்படும், ஒரு திசை மட்டும் மிஞ்சும். ஆனால் அது இன்னும் துடிச்சுத் துடிச்சுத்தான் வரும், செக்கனுக்கு 50 துடிப்பு. நாலு இருவாயிகளைப் பாலமாகக் கட்டினால் அடுத்த பாதியையும் பிடிக்கலாம். அப்ப 100 துடிப்பு. இந்தத் துடிப்பு ஒலிபெருக்கி வரைக்கும் போய்ச் சேர்ந்தால் எங்கட காதுக்கு ‘உம்ம்ம்’ எண்டு கேட்கும்.

துடிப்பை அடக்குகிறது கொள்ளளவி. கடையில் கொண்டென்சர் எண்டுதான் கேட்க வேணும். கிணத்தில் இருந்து வாளியால் விட்டு விட்டு அள்ளி ஊத்தினாலும், தொட்டியின் அடியில் இருக்கிற குழாயால் தண்ணி சீராக வருமெல்லோ? கொள்ளளவிதான் அந்தத் தொட்டி. தொட்டி சின்னனாக இருந்தால் வாளிக்கும் வாளிக்கும் இடையில் தண்ணி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் இரைச்சல்.

பற்றரியில் ஓடுகிற றேடியோவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பற்றரி பிறவியிலேயே நேரோட்டம். ஆகவே இந்த இரைச்சல், மனிசர் பற்றரியை விட்ட காலத்தில் றேடியோவுக்குள் வந்தது. அவர்கள் அதை ஏன் விட்டார்கள் எண்டு பார்க்கப் போனால், இரண்டு வரலாறுகள் இருக்கு.

முதல் வரலாறு: பற்றரி வேண்டாம் எண்டவர்கள்

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வீட்டில் றேடியோ வைச்சிருக்கிறது எண்டால் மூண்டு விதப் பற்றரிகளை வளர்க்கிறது மாதிரி. வால்வின் இழையைச் சூடாக்க ‘ஏ’ பற்றரி. அது பெரும்பாலும் கார் பற்றரி மாதிரியான ஈய-அமிலப் பற்றரி. உயர் வோல்ட்டுக்கு ‘பி’ பற்றரி. வால்வின் வேலையைச் சரியான அளவில் நிறுத்தி வைக்க ‘சி’ பற்றரி. ஏ பற்றரியைத் திரும்பத் திரும்ப மின்னேற்ற வேணும், அமிலம் சிந்தினால் தரைவிரிப்பு ஓட்டை. பி பற்றரி முடிஞ்சால் புதுசு வாங்க வேணும். அதேநேரம் நகரத்து வீடுகளில் விளக்குக்கு மின்சாரம் ஏற்கெனவே வந்திட்டுது. அதிலேயே றேடியோவையும் ஓட்டினால் என்ன எண்டு கனபேர் யோசிச்சார்கள். செய்து பார்த்தவர்களுக்கு முதலில் கேட்டது இரைச்சல்.

அதை அடக்கிறதே ஒரு தொழிலாக மாறினது. ரொறன்ரோவில் எட்வேட் றொஜர்ஸ் 1925இல் பற்றரி இல்லாத றேடியோவைச் செய்தார். 1927இல் அவர் தொடங்கின நிலையத்தின் பெயர் சிஎஃப்ஆர்பி. அதன் கடைசி இரண்டு எழுத்தும் ‘றொஜர்ஸ் பற்றரிலெஸ்’ எண்டதன் சுருக்கம். அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில் 1922இல் தொடங்கின ஒரு சின்னக் கொம்பனி, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகிற ஒரு குழாயை 1925இல் சந்தைக்குக் கொண்டுவந்து காசு பார்த்தது. வீட்டுக்காரர் பி பற்றரியைத் தூக்கி எறிய உதவின குழாய் அது. அந்தக் கொம்பனியின் பெயர் றேதியன். இண்டைக்கு உலகம் அதை ஏவுகணை செய்யிற கொம்பனியாகத்தான் அறியும். சிக்காகோவில் போல் கால்வினும் அவருடைய தம்பியும் 1928இல் ‘பற்றரி எலிமினேற்றர்’ செய்யிற கொம்பனி ஒண்டைத் தொடங்கினார்கள். பற்றரிக்குப் பதிலாகச் சுவரில் கொழுவிற பெட்டி அது. அந்தக் கொம்பனிதான் பிறகு மோட்டொரோலா ஆனது.

பெட்டிக்குள் என்ன இருந்தது? ஒரு நிலைமாற்றி, ஒரு சீராக்கிக் குழாய், கொள்ளளவிகள், ‘சோக்’ எண்ட ஒரு இரும்பு அகணிச் சுருள். சோக்கின் குணம், ஓட்டம் மாறுவதை எதிர்ப்பது. சீராக வருவதை விடும், துடிப்பை மறிக்கும். முன்னால் ஒரு கொள்ளளவி, நடுவில் சோக், பின்னால் இன்னொரு கொள்ளளவி. பல வருசமாக இரைச்சலை அடக்கினது இந்த மூண்டு பேரும்தான். பிறகு வந்த சில றேடியோக்களில் சோக் எண்டு தனியாக ஒண்டும் இராது. ஒலிபெருக்கியின் காந்தத்துக்குச் சுத்தின சுருளையே சோக்காகவும் பாவிச்சார்கள். ஒரே செப்புக் கம்பிக்கு இரண்டு வேலை.

அப்படியும் ஒரு இரைச்சல் மிஞ்சினது. பழைய வால்வுகளில் சூடாகிற இழையே மின்னணுவை விடுகிற முனையாகவும் இருந்தது. அந்த இழைக்கு ஆடலோட்டம் குடுத்தால் அது நேராக ஒலிக்குள் கலந்திடும். 1927இல் ஆர்சிஏ வெளியிட்ட 227 மாதிரியான வால்வுகளில் இழை வேறு, மின்னணு விடுகிற முனை வேறு. இழை வெறும் அடுப்பு மட்டும், சட்டி அதுக்கு மேல. அதுக்குப் பிறகு அடுப்புக்கு ஆடலோட்டம் குடுத்தாலும் பெரிசாக ஒண்டும் கேட்காது.

இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. ஆண்டு, காப்புரிமை, கொம்பனிப் பெயர் எல்லாம் தேடினால் கிடைக்கும்.

பற்றரி தங்கின ஊர்கள்

கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் வானொலி தொடங்கிட்டுது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் அதைத் தொடங்கி வைச்சவர். 1949இல் அது றேடியோ சிலோன் ஆனது. ஆனால் அலை போன இடமெல்லாம் கம்பி போகேல்ல. மின்சாரம் எட்டாத கிராமங்களில் றேடியோ கேட்க ஆசைப்பட்டவருக்குப் பற்றரி வால்வ் றேடியோதான் வழி. அப்பப்பாவின் றேடியோ அந்த வகை. கம்பியில்லாத ஊருக்கு எண்டு செய்ததால், அதன் வால்வுகளில் அடுப்பும் சட்டியும் பழையபடி ஒண்டுதான். பற்றரி மிச்சம் பிடிக்க அப்படி. இது எங்களுக்குப் பிறகுதான் விளங்கினது.

அதுக்குப் பிறகு ட்ரான்சிஸ்டர் வந்தது. கடைக்கு வந்த முதல் ட்ரான்சிஸ்டர் றேடியோ அமெரிக்காவில் 1954இல் விற்பனையானது. சூடாக்க இழை இல்லை, 90 வோல்ட் தேவையில்லை. நாலு ரோச் பற்றரியைப் போட்டால் 6 வோல்ட், அது காணும். வால்வ் பெட்டிகள் அலுமாரிக்கு மேல ஏறின. 1990இல் எங்கட ஊர் வீடுகளில் இருந்தது இந்தச் சின்ன றேடியோக்கள்தான்.

இரண்டாவது வரலாறு: பற்றரி கிடைக்காதவர்கள்

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கினது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நிண்டு போனது. வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒண்டு. எங்கட வயசுக்காரருக்கு இது ஒரு வரியில் கடந்து போகிற செய்தி. அம்மாவுக்கு அது ஜாம் போத்தல் விளக்கில் படிச்ச வருசங்கள்.

ஆனால் செய்தி கேட்காமல் இருக்கேலாது. குண்டு எங்க விழுந்தது, பாதை திறக்குமா, பேச்சுவார்த்தை எண்டு சொல்லினமே, உண்மையா? அரச வானொலி ஒண்டு சொல்லும், ‘புலிகளின் குரல்’ இன்னொண்டு சொல்லும். லண்டனில் இருந்து பிபிசி தமிழோசை, மணிலாவில் இருந்து வெரித்தாஸ். இதையெல்லாம் கேட்டு, ஒண்டோடு ஒண்டை ஒத்துப் பார்த்துத்தான் நாளைக்கு என்ன செய்யிறது எண்டு முடிவு எடுப்பினம்.

பற்றரி இல்லாமல் எப்படிக் கேட்டது? சைக்கிளில் டைனமோ இருந்தது. 6 வோல்ட், 3 வாட், லைற் எரிய. அதே 6 வோல்ட்தான் றேடியோவுக்கும் வேணும்.

அம்மா சொன்ன கதை இது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்திறது. ஒராள் சுத்த, அயல் எல்லாம் சுத்திவர இருந்து கேட்கும். “முதல் நாள் நேரா வயரைக் குடுத்தம். பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை, உம் எண்டு ஒரு சத்தம் மட்டும்.” டைனமோ தருகிறதும் ஆடலோட்டம்தானே. பக்கத்து ஒழுங்கையில் றேடியோ திருத்திற ஒரு அண்ணை உடைஞ்ச செற் ஒண்டில் இருந்து ஒரு இருவாயியும் ஒரு பெரிய கொண்டென்சரும் கழட்டிப் பூட்டிக் குடுத்தவராம். அதுக்குப் பிறகு குரல் வந்தது.

“மெல்லவும் சுத்தக் கூடாது, கடுமையாவும் சுத்தக் கூடாது. கடுமையாச் சுத்தினால் றேடியோ எரிஞ்சிடும் எண்டு பயம். மெல்லச் சுத்தினால் இரையும். ஆற்றையும் கை களைச்சால் எங்களுக்கு முதல்ல அந்த இரைச்சல்லதான் தெரியும். உடன மற்றாள் எழும்பிப் போவார்.”

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் பேப்பரும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தம். அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. டைனமோவின் துடிப்பு சில்லின் வேகத்தோடு கூடும். நல்ல வேகத்தில் செக்கனுக்குச் சில நூறு வரும். துடிப்பு கூடக் கூட வாளிக்கும் வாளிக்கும் இடைவெளி குறையும், ஒரே கொண்டென்சரில் இரைச்சல் அடங்கும். கை களைச்சு வேகம் குறைய இடைவெளி நீளும், தொட்டி இறங்கும், இரைச்சல் ஏறும். சுமை குறைவாக இருக்கக் கடுமையாகச் சுத்தினால் டைனமோ 6 வோல்ட்டையும் தாண்டித் தரும், அந்தப் பயமும் நியாயம்தான். புத்தகம் இல்லாமல், பரிசோதனைக் கூடம் இல்லாமல், அந்த முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் இது காதால் தெரிஞ்சிருக்கு.

இதே காலத்தில் நடந்த இன்னொரு விசயம் எங்களை யோசிக்க வைச்சது. 1991இல் இங்கிலாந்தில் ட்ரெவர் பேய்லிஸ் எண்டவர் ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவதைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்தார். மின்சாரமும் பற்றரியும் இல்லாத மக்களுக்குத் தகவல் போய்ச் சேர வேணும் எண்டு, கையால் முறுக்கி ஓட்டுகிற றேடியோவை உருவாக்கினார். 1994இல் பிபிசி தொலைக்காட்சி அதைக் காட்டினது. பிறகு தென்னாபிரிக்காவில் அதைச் செய்யிற தொழிற்சாலை வந்தது. 1997இல் அவருக்கு அரச விருதும் கிடைச்சது. நல்ல வேலை, மறுக்கேல்ல. ஆனால் பிபிசி அதைக் காட்டின நேரத்தில், பிபிசி தமிழோசையைக் கேட்கிறதுக்காக யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் சைக்கிள் சில்லு சுத்திக்கொண்டு இருந்தது. அவருடைய றேடியோ கண்டுபிடிப்பு எண்டு பதிவாகினது. எங்கட ஆக்களுடையது ‘கஷ்டப்பட்ட காலம்’ எண்டு மட்டும் ஞாபகமாகினது.

நாங்கள் பெருமை பேசுறதுக்கு இதைச் சொல்லேல்ல. தேவை வந்ததால் செய்தார்கள், அந்தத் தேவை வந்திருக்கவே கூடாது. ஆனால் கஷ்டத்தைச் சொல்லும்போது அறிவை விட்டுவிட்டால், அந்த மனிசரை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும்தான் நாங்கள் நினைச்சுக்கொள்ளுவம். கொண்டென்சர் காணாது எண்டு குசினிக்குள் இருந்து சொன்ன ஒருவரை அப்படி மட்டும் நினைக்கேலாது.

எங்கட பெட்டிக்குத் திரும்பினால்

அம்மா சொன்னபடி பார்த்தால், நாங்கள் போட்டிருந்தது ஒரே ஒரு இருவாயியும் ஒரு பழைய 8 மைக்ரோஃபரட் கொண்டென்சரும். றேடியோ இழுக்கிறது ஏறக்குறைய 12 மில்லி அம்பியர். கணக்குப் போட்டால் 30 வோல்ட் அளவுக்குத் துடிப்பு. 90 வோல்ட்டில் 30 வோல்ட் ஆடினால் இரையாமல் என்ன செய்யும்? அதோடு பழைய கொண்டென்சர் உள்ளே காய்ந்து போயிருந்தால் அதிலும் கூட.

முதலாவதாக நாலு இருவாயி போட்டுப் பாலம் கட்டினம். மோட்டர் சுத்துற கடை ஐயா ஒருவர் 75 வோல்ட் தாற நிலைமாற்றி ஒண்டு சுத்தித் தந்தார். 160 வோல்ட் தாங்கிற புது 47 மைக்ரோஃபரட் கொண்டென்சர் போட்டம். துடிப்பு இரண்டரை வோல்ட்டுக்கு இறங்கினது. இரைச்சலின் சுருதியும் மேலே ஏறினது, 50 துடிப்பு 100 ஆனதால்.

இரண்டாவதாக, சோக்குக்குப் பதிலாக 1000 ஓம் தடையி ஒண்டு, அதுக்குப் பின்னால் இன்னொரு 47 மைக்ரோஃபரட். துடிப்பு இன்னும் 30 மடங்கு குறைஞ்சது. விலையாகப் போனது 12 வோல்ட், அதையும் சேர்த்துத்தான் 75 வோல்ட் கேட்டிருந்தம். கணக்குப்படி 90 வோல்ட்டில் இனி இரைச்சல் இருக்கக் கூடாது.

ஆனால் இன்னும் இரைஞ்சது. மெல்லிசாக.

இரண்டு நாள் தலையை உடைச்சம். இந்த முறையும் அம்மாதான். “மற்றப் பக்கத்துக்கு ஒரு பற்றரியைப் போட்டுப் பாருங்கோவன்.” இழைக்கு நாங்கள் குடுத்த வோல்ட்டும் சுவரில் இருந்து எடுத்ததுதான். அதைக் கழட்டிவிட்டு ஒரு பெரிய ரோச் பற்றரியை வைச்சம். 1.5 வோல்ட். இரைச்சல் நிண்டிட்டுது. இந்த வகை வால்வில் அடுப்பும் சட்டியும் ஒண்டு எண்டது அப்பதான் மண்டைக்குள் ஏறினது. இழையில் வருகிற சின்னத் துடிப்பும் நேராக ஒலிக்குள் போகும். கடைசியாக நிலைமாற்றியை றேடியோவில் இருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டாகத் திருப்பி வைச்சம். அதன் காந்தப்புலமும் கொஞ்சம் இரைச்சலைக் கடத்திக்கொண்டு இருந்திருக்கு. இப்ப காதை ஒலிபெருக்கியில் ஒட்டினால்தான் ஏதோ கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் ஆளைக் கொல்லும், 90 வோல்ட்டும் விளையாட்டில்லை. கொண்டென்சர் ஆழியை நிப்பாட்டின பிறகும் மின்னைப் பிடிச்சு வைச்சிருக்கும். தெரிஞ்ச ஒராள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீங்கோ.

ரோச் பற்றரியை ஒழுங்கை முடக்குக் கடையில் வாங்கினது. கேட்ட உடனே எடுத்துத் தந்தார்கள். அம்மா அதைக் கையில் வாங்கி ஒருக்கா உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களிட்டத் தந்தா.

இரைச்சல் நிண்ட அண்டிரவு அவ தானாக வந்து றேடியோவுக்கு முன்னால் இருந்தா. மத்திய அலையில் ஏதோ ஒரு இந்திய நிலையம் பாடிக்கொண்டு இருந்தது. அவ அதை விட்டுவிட்டுச் சிற்றலைக்கு மாத்தி, முள்ளை மெல்ல மெல்ல நகர்த்தி ஒரு இடத்தில் நிப்பாட்டினா. அங்க ஒண்டும் இல்லை. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நிண்டிட்டுது எண்டு நாங்கள் சொன்னம். “தெரியும்” எண்டா. கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே விட்டிருந்தா.

அடுத்த நாளில் இருந்து நாங்கள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினம். உங்கட வீட்டில் டைனமோவை ஆர் பூட்டினது? இருவாயி எங்க எடுத்தது? ஆர் சுத்தினது, எத்தனை பேர் கேட்டது? எந்த நிலையத்தை நம்பினீங்கள், ஏன்? இதுவரைக்கும் எங்கட ஒழுங்கையில் ஏழு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பூட்டின விதம் வேறை. றேடியோ திருத்தின அந்த அண்ணை இப்ப இல்லை. அவர் என்னென்ன செய்தவர் எண்டதில் எங்களிட்ட இருக்கிறது, அம்மா சொன்ன அந்த ஒரு கொண்டென்சர் மட்டும்தான்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் வீட்டில் ஆரும் இருப்பினம். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.